ஜன்னலுக்கு வெளியே தம்பி

அக்காவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்று டாக்டர் சொன்னதும், தம்பி தன் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு இருக்க வந்துவிட்டார். அவர் மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். நின்றுபோன எதையும் ஓட வைத்துவிடலாம் என்ற நினைப்பு ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். அம்மா இறந்தபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. எல்லாம் கூடிவரும் நேரத்தில் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். தம்பிக்காகத்தான் தன் வாழ்க்கையைத் தியாகம் செய்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக் கேட்டே அவர் வளர்ந்தார். அக்காவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

பகலில் அவளைக் கவனித்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தாள். குளிப்பாட்டினாள், மாத்திரை கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது. தம்பியைத்தான் அடையாளம் தெரியவில்லை.

"நான்தாங்கா, வாலு" என்பார். அவள் வைத்த பட்டப்பெயர் அது.

"எங்க வாலு இத்தனூண்டு இருப்பான். நீங்க அவனுக்குத் தாத்தா மாதிரி இருக்கீங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். அவரால் சிரிக்க முடியவில்லை. ஆல்பத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கினார். "இது நீ, இது நான். பாருக்கா, நல்லா பாரு." அக்கா அழுததுதான் மிச்சம்.

"விடுங்களேன் சார்" என்றாள் நர்ஸ்.

"எப்படிம்மா விடறது? நான் அவ தம்பி."

அவள் ஆல்பத்தை மெல்ல மூடிவைத்து, அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

ஒரு மதியம் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியவர் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். ஹாலில் உட்கார்ந்திருந்த அக்கா அலறினாள்.

"யாருய்யா நீ? எங்க வீட்டுச் சாவி உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

டம்ளர் பறந்து வந்து சுவரில் மோதியது. நர்ஸ் ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாள். "சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க. ரொம்ப பயந்துட்டாங்க."

திருடனைப் போல வெளியே வந்து, ஜன்னல் பக்கம் மருந்துப் பையும் கையுமாக நின்றார். வருவது கோபமா அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை விலகியது.

"யார் வேணும் உங்களுக்கு?" அக்காதான். எக்ஸ்சேஞ்சில் பேசும் குரல். மரியாதை திரும்பியிருந்தது.

நான்தாங்கா என்பது நாக்கு நுனிவரை வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க அவருக்குத் தெம்பில்லை.

"உங்க தம்பியைப் பாக்க வந்தேம்மா."

"ஸ்கூலுக்குப் போயிருக்கான். ஏன், யார் வீட்டுக் கண்ணாடியையாவது உடைச்சுட்டானா?"

"சேச்சே. நல்ல பையன்னு சொன்னாங்க."

"நல்ல பையனா? வாயைத் திறந்தா புளுகு. ஆனா பாசக்காரன்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்காகத்தான் நீங்க கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டீங்களாமே?"

"எவ சொன்னா?" அக்காவின் புருவம் ஏறியது. "அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை பேச விடல. வாயெடுத்தாலே குறுக்க விழுந்தார். நாள் பூரா அடுத்தவங்க பேசறதுக்கு லைன் போட்டுக் குடுக்கறேன். வீட்லயும் அதே பொழப்பா? வேலையை வேற விடணுமாம். போய்யான்னுட்டேன்."

"அப்ப, தம்பி?"

"அவன் பேரைச் சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. சௌகரியமா இருந்துச்சு. நீங்க போய் அவன்கிட்ட உளறிடாதீங்க."

அவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. நோய் பாதி அழித்துவிட்ட நினைவிலிருந்து வருவதை எவ்வளவு நம்பலாம்? தெரியாது. ஆனால் அந்த 'போய்யா' அசல் அக்கா. அதை நோய் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

"வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க. அவன் வர நேரந்தான்" என்றாள்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். விருந்தாளி உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

அன்றே ஆல்பத்தைப் பரண்மேல் போட்டார். அதன்பிறகு சில நாள் டாக்டரானார், சில நாள் பக்கத்து வீட்டுக்காரர். ஒருநாள் மீட்டர் பார்க்க வந்தவனாகி, வாசலில் செருப்பைக் கழற்றாததற்குத் திட்டும் வாங்கினார். மனது வலிக்காமல் இல்லை. தனியாக இருக்கும்போது வலித்தது. அவள் எதிரில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

போகப்போக அக்காவின் வார்த்தைகளும் குறைந்தன. யாரென்று கேட்பதும் நின்றுபோனது. அந்தக் கேள்விக்காகக்கூட ஏங்க வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சாப்பிட மறுத்து வாயை இறுக மூடிக்கொள்ளும் வேளைகளில் மட்டும், "உங்க தம்பி இன்னிக்கு என்ன பண்ணான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். நடந்த குறும்புகள் தீர்ந்துபோய், நடக்காதவற்றையும் கூசாமல் அள்ளிவிட்டார். "வாத்தியார் நாற்காலியில மை ஊத்திட்டாம்மா. அவர் பாக்காம உக்காந்துட்டார்."

அக்கா ஒரு வாய் வாங்கி மென்றாள். பிறகு, அப்புறம் என்ன ஆச்சு என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.