தொப்பிக்கு மூன்று அங்குலம்

ப்ரெனக்கர் கார் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. புது மாடல் எதுவானாலும் முதலில் மரத்தில் முழு அளவுக்கு ஒன்று செய்வோம். முதலாளி ஏமஸ் ப்ரெனக்கர் தலையில் தொப்பியோடு ஏறிப் பின் சீட்டில் உட்காருவார். தொப்பி கூரையில் முட்டினால் அந்த மாடல் அன்றோடு விறகு. டெட்ராய்ட்டில் மற்ற கம்பெனிக்காரர்கள் எங்களைக் கண்டால், "உங்க கார்ல மனுஷனுக்கு முன்னாடி தொப்பி ஏறுமாமே" என்று கேலி செய்வார்கள்.

முதலாளி இளவயதில் பணக்காரர்களுக்குக் குதிரை வண்டி ஓட்டியவர். அவர்கள் ஏறி இறங்கும் வரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மழையில் நிற்க வேண்டும். தன் காரில் ஏறுகிறவன் எவனுக்காகவும் தொப்பியைக் கழற்றக் கூடாது என்று சபதம் எடுத்தாராம். நியாயமான வைராக்கியம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனாலேயே எங்கள் கார்கள் பீரோவுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தன. 1934இல் அவ்வளவு விலை கொடுத்துப் பீரோ வாங்க ஆள் இல்லை.

கார்களுக்கு உருவம் வரைகிற எவரெட் ப்ரூடன் அந்த வருஷம் கூரையைத் தாழ்த்தி ஒன்று வரைந்தான். சீட் தைக்கும் பகுதிக்குத் தலைவி நான், ஸ்டாஷா வொய்னார். எனக்குக் கார் மேல் பெரிய மயக்கமெல்லாம் கிடையாது. அந்தப் படத்தை மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அதில் இருந்த கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை அங்குலம் கொறைச்சிருக்கே?" என்றேன்.

"மூணு, அக்கா."

"முதலாளி தொப்பி?"

"முட்டும்."

"தெரிஞ்சேவா வரைஞ்சே? நல்ல ஆளுடா நீ."

"கூரையை ஏத்தினா பழைய பீரோதான். அதை இனிமே வரைய எனக்குக் கை வராது. இது தேறலைன்னா என்னை அனுப்பிடுவாங்க, அதையும் சொல்லிட்டாங்க."

அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். வேலை போனவர்கள் சர்ச் வாசலில் சூப்புக்கு வரிசை நிற்கிற காலம். எனக்குப் பொறுக்கவில்லை. தச்சர்கள் மர வண்டியை முடித்ததும் பின் சீட்டைப் பிரித்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளை உருவிவிட்டு, குதிரை மயிரை மெல்லிசாகப் பரப்பி, மேலே நல்ல சாம்பல் நிறக் கம்பளித் துணியை இழுத்துத் தைத்தேன். சீட் மூன்று அங்குலம் இறங்கிவிட்டது. ப்ரூடனிடம் மூச்சு விடவில்லை.

சோதனை அன்று முதலாளியோடு அவர் மனைவி லவீனியா அம்மாவும் வந்திருந்தார். இருவரும் ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழி. அந்த அம்மாவின் தொப்பியில் நீளமாக ஒரு இறகு.

முதலாளி ஏறி உட்கார்ந்தார். தொப்பி முட்டவில்லை. ப்ரூடன் வாயைப் பிளந்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் முதலாளி தன் முழங்கால்களைப் பார்த்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், முழங்கால் தாடையில் இடிக்காத குறை. ஆயுள் முழுக்க வண்டியோடு கிடந்தவரிடம் நான் செய்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மெத்தையைக் கையால் அமுக்கினார்.

"ஸ்பிரிங் எங்கே, ப்ரூடன்?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"என்னையே ஏமாத்தப் பாக்கறியா? போய் மேஜையைக் காலி பண்ணு."

நான் ப்ரூடனுக்கு முன்னால் போய் நின்றேன். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது ஐயா. எடுத்தது நான். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க" என்றேன்.

"ரெண்டு பேரும் கிளம்புங்க. இதை ஒடைச்சு அடுப்புல போடச் சொல்லுங்க."

அதுவரை ஓரமாக நின்றிருந்த லவீனியா அம்மா, "கொஞ்சம் தள்ளிக்கோங்க. நானும் ஒரு தடவை உக்காந்து பாக்கறேன்" என்றார். கதவருகே வந்ததும் கொண்டையூசியை உருவி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏறினார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு இப்ப தொப்பியைக் கழட்டினே?" என்றார் முதலாளி.

"எப்பவும் கழட்டறதுதானே."

"எப்பவுமா?"

"உங்க முதல் காரு வந்த நாள்லேர்ந்து. எறகு கூரையில மடங்கிடும். நீங்க உங்க தொப்பிக்குத்தானே அளவு எடுத்தீங்க. இத்தனை வருஷமா நான் மடியில வெச்சுக்கிட்டுத்தான் உங்க பக்கத்துல வரேன். நீங்க அந்தப் பக்கமே திரும்பினதில்லை."

கோபமே இல்லாமல், இறகை நீவிக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எத்தனை சீமாட்டிகளுக்குச் சீட் தைத்திருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லையே.

முதலாளி அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஸ்பிரிங்கைத் திரும்பப் போடும்மா. முட்டி வலிக்குது" என்றார்.

"போட்டா தொப்பி முட்டுமே ஐயா."

அவர் தன் தொப்பியைக் கழற்றினார். அந்தத் தலையை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். முன்பக்கம் சுத்த வழுக்கை. யாரும் சிரிக்கவில்லை.

"கூரை இப்படியே இருக்கட்டும்" என்றார்.

"அப்ப மேஜையைக் காலி பண்ணணுமா ஐயா?" என்றான் ப்ரூடன், அசடு.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "முன் சீட்டு முதுகுல தொப்பி வைக்க ஒரு பை தைச்சுக் குடும்மா."

"ஒண்ணு போதுமா ஐயா?"

"ரெண்டு. முதல்ல அவளோடது. எறகு மடங்கக் கூடாது. இப்பவே அளவு எடுத்துக்க."

லவீனியா அம்மா தொப்பியை என்னிடம் நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து, இறகின் நுனியிலிருந்து அளக்க ஆரம்பித்தேன்.