சாத்தானுக்கு ஒரு குரல்

சாத்தான் படம் எடுக்கிறவர்களுக்குச் சாத்தானைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. கொம்பு வைப்பார்கள், புகை விடுவார்கள், கட்டிலில் சிவப்பு விரிப்பு போடுவார்கள். புருஷன் ஊரில் இல்லாத பெண்ணைத்தான் அவன் மயக்குவானாம்! இவளிடம் அவன் பட்டப்பகலில் வந்தான், புருஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போதே, ஹெட்போன் வழியாக.

இவள் படங்களுக்கு டப்பிங் பேசுகிறவள். புருஷனும் அதே தொழில். அந்தக் குரலுக்காகவே அவனுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். இருபது வருஷம் ஒரே மைக்கின் முன் ஜோடியாக நின்றவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அதிலிருந்து பேச்செல்லாம் துண்டுக் காகிதத்தில். 'காபி ஆறிப்போச்சு.' 'இவ்வளவு நேரம் எங்க போன?' இவள் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினால் கூடவே வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்! ஆனாலும் அந்தக் குரல் திரும்ப வேண்டும் என்று இவள் கும்பிடாத சாமி இல்லை.

அன்றைக்கு, நாயகி புருஷனை உதறிவிட்டுச் சாத்தானுக்கு இணங்கும் காட்சி. சாத்தானுக்குக் குரல் கொடுக்க இன்னும் ஆள் அமையவில்லை. அப்படியானால் அவன் வசனம் வரும் இடத்தைக் காலியாக விட்டு, உதட்டசைவைப் பார்த்துப் பதில் பேசுவதுதான் வழக்கம்.

முதல் டேக்கில் அந்தக் காலி இடத்தில் ஒருவன் பேசினான்.

"கண்ணே, ரொம்பக் களைச்சுப் போயிட்டியே."

வெண்கலத்தின் குரல்! இவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இவரோட பழைய ரெக்கார்டிங் ஏதாச்சும் ஓடுதா?"

"ஒண்ணும் ஓடலம்மா," என்றார் இன்ஜினியர். "நீங்க அழற மாதிரி பேசுறீங்க. இன்னொண்ணு போலாம்."

இரண்டாவது டேக்கில், "பேப்பரைப் பார்க்காத. உன் புருஷன்மேல உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. சாப்பிட்டியா நீ?" என்றது குரல். மூன்று வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும், இவள் கல்கூட இல்லை.

மூன்றாவதில், பேப்பரில் இருந்த அதே வசனம் அடிவயிற்றிலிருந்து வந்தது. "அவன் எனக்கு வேண்டாம். செத்தாக்கூட நிம்மதிதான். என்னைக் கூட்டிட்டுப் போ."

"ஓகே! புல்லரிக்குதும்மா!" இன்ஜினியர் டீ வாங்கப் போனார். கண்ணாடிக்கு அப்பால் புருஷன் எழுந்து நின்று கை தட்டினான். 'பிரமாதம்' என்று எழுதித் தூக்கிக் காட்டினான். அட பாவமே, நடிப்பு என்று நினைத்துவிட்டான்.

"நீ என்னோட வர வேண்டாம்," என்றது குரல். "அது நடிப்பில்லைன்னு அவன்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லு. அடுத்த நிமிஷம் இந்தக் குரல் அவனுக்கு."

"பதிலுக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

ஒன்றும் வேண்டாம் என்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்தப் புத்தி எத்தனை வயதானாலும் யாருக்கு வருகிறது? கோபத்தில் கத்துவான், கத்தட்டுமே, அந்தச் சத்தத்துக்குத்தானே இத்தனை வேண்டுதல் என்று இவள் நினைத்தாள். போய் அவன் கையைப் பிடித்தாள்.

"நான் பேசினது நடிப்பில்லைங்க. நிஜமாவே அப்படித்தான் தோணுச்சு."

அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் நின்றது. பிறகு போய்விட்டது. கையை உருவிக்கொண்டான். இன்ஜினியர் டீயோடு உள்ளே வந்தார். அவன் ஒரு வாய் குடித்தான்.

"சர்க்கரை கம்மி," என்றான்.

வெண்கலக் குரல், ஒரு கீறல்கூட இல்லை. இன்ஜினியர் கையிலிருந்த டீ மொத்தமும் தரையில்.

"என்னைத் திட்டுங்க!" இவள் அழுதாள். "நாலு வார்த்தை திட்டிடுங்க!"

அவன் இன்ஜினியர் பக்கம் திரும்பினான். "சாத்தானுக்கு ஆள் தேடுறீங்களாமே? நான் பேசுறேன்."

அதன்பின் அவன் பேசாத ஆள் கிடையாது. பால்காரனோடு பேசினான், மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரர்களோடு சிரிக்கச் சிரிக்கப் பேசினான். இவளிடம் ஒரு சொல் இல்லை. துண்டுக் காகிதமும் நின்றுபோனது.

ஸ்டுடியோவில் மட்டும், மைக்கின் முன், எழுதிக் கொடுத்தபடி இவளை உயிரே என்றான், தங்கமே என்றான். ரெக்கார்டிங் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவள் வேண்டுமென்றே தன் வசனத்தைத் தப்பாகப் பேசினாள்.

"சாரிண்ணே, இன்னொரு டேக் போலாமா?"

படம் முடிய இன்னும் நான்கு காட்சிகள்தான் பாக்கி.