லீவே எடுக்காத அத்தாயி

முப்பத்தெட்டாம் வருடம் பரமத்திப் பக்கத்துத் தரும ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தலைமைக் குமாஸ்தா. வெங்கடாசலம் என்று பெயரைச் சொன்னாலே வார்டு ஆயாக்களுக்குக் குலை நடுங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

லீவு வேண்டுமென்றால் தன் பதிலாளைக் கொண்டுவந்து விடவேண்டும். இது நான் வைத்த சட்டம். காலையில் என் ஜன்னலோரம் உட்கார்ந்து, பதிவேட்டைப் பார்த்தபடியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். "வந்துட்டனுங்க" என்று குரல் கேட்டால் கறுப்பு மை, பதிலாள் என்று சொன்னால் சிவப்பு மை. மூன்று சிவப்பு விழுந்தால் வேலை போய்விடும். தலையை நிமிர்த்திப் பார்க்க எனக்கு ஏது நேரம்?

புதிதாக வந்த பெரிய டாக்டருக்கு ஒரு கிறுக்கு எண்ணம். வேலை செய்கிறவர்கள் மனம் குளிர்ந்திருந்தால்தான் நோயாளி பிழைப்பானாம். வருடம் முழுக்க லீவு எடுக்காதவருக்கு ஒரு புடவை பரிசு என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் பதிவேட்டைப் புரட்டினேன். அத்தாயி பெயருக்கு நேரே ஒரு சிவப்புக்கூட இல்லை.

எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, டாக்டர் புடவையோடு காத்திருக்க, அத்தாயியைக் கூப்பிட்டேன். யாரும் அசையவில்லை. இரண்டாம் முறை அதட்டினேன். ஆயாக்கள் எல்லோரும் ஒருத்தியையே பார்த்தார்கள். அவள் மெல்ல முன்னால் வந்தாள். புடவையை வாங்கவில்லை.

"செத்தவ பேருல சீலை வாங்க மனசு வரலீங்க. நானு மாரியாயிங்க. அத்தாயி எங்கக்கா. போன வருசம் காலராவுல போயிருச்சுங்க."

மற்ற ஆயாக்களை அதட்டிக் கேட்டேன். அக்காள் பிள்ளைகள் இரண்டும் இவள் கஞ்சியில்தான் வளர்கின்றன, வேலை போய்விடக்கூடாது என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சேர்ந்து மூடி வைத்திருக்கிறார்கள். தெரியாதவன் நான் ஒருவன்தான். டாக்டர் சாவுப் பதிவேட்டைக் கேட்டார். எடுத்து வந்தேன். அத்தாயி, வயது முப்பது, எங்கள் காலரா வார்டிலேயே சாவு. என் கையெழுத்து. ஊரில் எத்தனையோ அத்தாயி என்று அன்றைக்கு எழுதித் தள்ளியிருக்கிறேன். அதே தேதியில் வருகைப் பதிவேட்டிலும் பார்த்தேன். கறுப்பு மை. அக்காள் உள்ளே செத்துக்கொண்டிருக்க, தங்கை என் ஜன்னலுக்கு வெளியே நின்று "வந்துட்டனுங்க" என்று சொல்லியிருக்கிறாள். பாவி, நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டர் இரண்டு பதிவேடுகளையும் மூடினார். பிறகு, நாளை முதல் உன் பெயரிலேயே வேலை பார் என்று அவளிடம் சொல்லிவிட்டு, உனக்கு வேறு என்ன குறை என்று கேட்டார்.

மாரியாயி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு அக்காளுக்கு வருசத் தெவசமுங்க சாமி. லீவு வேணுமுங்க. பதிலுக்கு உட எனக்கு ஆருமில்லீங்க."