கீழ்த்தளத்தில் ஓர் அறை

ராஜபாளையம் கடைவீதியில் அந்த ஓட்டுக் கட்டடத்தில் ஒன்பது கடைகள் இருந்தன. அதில் ஒன்று அசீனாவுடையது. டைப்பிங், ஜெராக்ஸ், மனு எழுதித் தருவது. கட்டடத்தை இடித்துவிட்டு ஆறு மாடியில் ஆபீஸ் காம்ப்ளெக்ஸ் கட்டப்போவதாகச் சொன்னார் உரிமையாளர் வைகுண்டராஜ். இரண்டு வருஷம் வெளியே இருந்தால் போதும், பொறவு அவரவருக்குக் கீழேயே கடை என்றார். அவர் சொல்லச் சொல்ல ஒப்பந்தத்தை அடித்தது அசீனாதான். கீழ்த்தளம் என்ற சொல் அதில் வரவில்லை. அவள் கேட்டதற்கு, சொன்னால் சொன்னதுதானேம்மா என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தையல்கடை வீரணன் மட்டும் தயங்கினார்.

“நான் அடிச்ச பத்திரம்ண்ணே. தைரியமாப் போடுங்க,” என்றாள் அசீனா. போட்டார்.

கண்ணாடி முகப்போடு கட்டடம் எழுந்தது. கீழே பேங்கும் செல்போன் ஷோரூமும் வந்தன. நடுமாடிகளில் இன்சூரன்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனிகள். பழைய கடைக்காரர்களுக்கு ஆறாவது மாடியின் பின்பக்கம். ஒரு ஜாக்கெட் தைக்க அம்புட்டு உயரம் யார் ஏறி வருவார்கள் என்று வீரணன் கேட்டார். வைகுண்டராஜ் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். ‘கட்டடத்தில் கடை தரப்படும்’ என்றுதான் இருந்தது.

மறுநாள் அசீனாவை மட்டும் கூப்பிட்டார். பேங்குக்கு வருகிறவர்களுக்கு ஃபாரம் எழுத ஆள் வேண்டுமாம். கீழே மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருந்தது. கிருஷ்ணன்கோவிலில் மகள் நாஜியா இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அசீனா சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து வீரணன் வந்தார். கேஸ் போடப்போவதாகச் சொல்லி மனு அடிக்கச் சொன்னார். அவள் அடித்துக்கொண்டே வந்தாள்.

“கீழே தாரேன்னு அவரு வாயால சொன்னதுக்கு, பத்திரம் அடிச்ச நீதான் சாட்சி. உன் பேரைப் போட்டுக்க தங்கச்சி.”

அவள் கை நின்றது.

“என் பேரு வேண்டாம்ண்ணே.”

“அன்னைக்கு உன் பேரை நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன்.”

அவள் பிரிண்ட் எடுத்து நீட்டிய மனுவை வீரணன் வாங்காமலே போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் வேறு ஆளிடம் எழுதிக் கேஸ் போட்டார். சாட்சியில்லாத வழக்கு ஒன்றரை வருஷம் இழுத்துத் தள்ளுபடியானது.

இப்போது வீரணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தினக்கூலிக்குத் தைக்கிறார். காலையில் பஸ்ஸுக்காக அந்தக் கட்டடத்தின் முன்னால்தான் நிற்பார். அந்த பஸ் போன பிறகுதான் அசீனா கடை திறக்க வருகிறாள்.