குடும்பத்தில் எத்தனை பேர்

அடுத்த வகுப்புக்கு எல்லோரும் ஒரு குடும்பப் போட்டோ கொண்டுவர வேண்டும் என்று அன்புமணி சார் சொன்னதிலிருந்து சத்யப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் நடக்கும் ஜப்பானிய மொழி வகுப்பு அது. பதினெட்டுப் பேரில் பாதிக்கு மேல் நர்சிங் முடித்த பெண்கள். சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள், ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கும் ஒரு நிறுவனம் வெள்ளிக்கிழமை வீடியோவில் முதல் நேர்காணல் வைத்திருந்தது. பேர், ஊர், குடும்பம், ஏன் வர விரும்புகிறாய், இவ்வளவுதான் கேட்பார்களாம். ஆறு பேரை எடுப்பார்கள். கடலூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஆறு வருஷமாக ஊசி போட்டுக்கொண்டிருந்த சத்யா, அந்த ஆறில் ஒரு இடம் தனக்குத்தான் என்று மனசுக்குள் துண்டு போட்டு வைத்திருந்தாள்.

வகுப்பில் சேரும்போதே வேலைக்கான விண்ணப்பத்தைச் செல்போனில் நிரப்பியவன் தம்பி செம்பியன்.

“கல்யாணம் ஆகாதவர்னே போட்டுட்டேன்க்கா. கோர்ட்ல முடிஞ்சிபோச்சில்ல? அப்பறம் இன்னா.”

“பாப்பா?”

“கொழந்த இருக்குன்னு போட்டா எடுப்பாங்களா? நீயே யோசிச்சிப் பாரு.”

அவள் யோசித்துப் பார்த்தாள். அதற்குள் அவன் விரல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

முதல் வாரம் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். “கஸோகு வா சன்னின் தெஸ்” என்றாள். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். அம்மா, தம்பி, நான். அதையே தமிழில் சொல்லச் சொல்லியிருந்தால் நாக்கு எழும்பியிருக்காது. ஆனால் அப்போது அது வெறும் ஓசை. கடையில் கொடுத்த பையைத் தூக்கி வருவதுபோல, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் தூக்கி வந்துவிடலாம். ஏழு வாரத்தில் அந்த வாக்கியத்தை முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். எத்தனையாவது தடவை என்று தெரியாது, ஏதோ ஒரு நாள் அந்த ஓசைக்கு அர்த்தம் வந்துவிட்டது. ‘சன்னின்’ என்று வாய் சொல்லும்போதே, நாலு வயது கனிமொழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலில் நிற்பது தெரிய ஆரம்பித்தது.

கனி எல்.கே.ஜி. படிக்கிறாள். அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் எழுத்துப் பழகினார்கள். “அ, இ, உ, எ, ஒ” என்று சத்யா ஜப்பானிய எழுத்தைச் சொல்லிச் சொல்லி எழுதுவதைக் கேட்டு, “இது நம்ம எழுத்துதானம்மா? அவுங்களுக்கு யாரு குடுத்தா?” என்று கேட்டாள். பாடப் புத்தகத்தின் பின்பக்கச் சொற்பட்டியலில் ‘மகள்’ என்பதற்கு நேரே ‘முஸுமே’ என்று இருந்ததை முதல் நாளே பார்த்து வைத்திருந்தாள் சத்யா. வகுப்பில் ஒருமுறையும் அதை உச்சரித்ததில்லை.

போட்டோவுக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செல்போனைத் துழாவினாள். எல்லாப் படத்திலும் கனி இருந்தாள். இடுப்பில், தோளில், காலைக் கட்டிக்கொண்டு. கடைசியில் செம்பியன் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் கிடைத்தது. அம்மா, தம்பி, அவள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. துப்பட்டாவை அகலமாக விரித்துப் போட்டிருந்ததால் தாலியும் தெரியவில்லை, வயிறும் தெரியவில்லை. திருப்பாப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரம் பஸ்ஸில், கடலூர் ஓ.டி. நிறுத்தத்தில் ஸ்ரீமதி ஏறினாள். அவளுக்கும் அதே வகுப்பு. இருபத்துமூன்று வயது, நிற்காத வாய்.

“அக்கா, தள்ளிக் குந்து. போட்டோ எடுத்தாந்தியா?”

“ம்.”

“காட்டேன்.”

“கிளாஸ்ல பாத்துக்கோ.”

“பெரிய ஜாதகம்! நாங்க பாத்தா தேஞ்சிடுமா?”

சத்யா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரம் முன்பு பள்ளிக்கூட வாசலில், கனி “அம்மா, தண்ணி பாட்டலு” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தபோது, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டியில் ஸ்ரீமதி நின்றிருந்தாள். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன. மறுநாள் ஸ்ரீமதி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கேட்காமல் எதற்காகவோ சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆறு இடத்துக்குப் பதினெட்டுப் பேர். ஸ்ரீமதியும் அதில் ஒருத்தி.

குடிகாடு வந்ததும் ரசாயனக் கம்பெனி நாற்றம் பஸ்ஸுக்குள் ஏறியது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். இங்கேதான் ஒரு கம்பெனியில் அவளுடைய பழைய புருஷன் ஷிப்ட் பார்க்கிறான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“அக்கா, வெள்ளிக்கிழம இன்டர்வியூல பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவாங்களா?” என்றாள் ஸ்ரீமதி, துப்பட்டாவுக்குள்ளிருந்து.

“நீ என்ன பொய் சொல்லப் போற?”

“எனக்கு சமைக்கத் தெரியும்னு சொல்லலாம்னு இருக்கேன்” என்று சிரித்தாள். சத்யாவும் சிரிக்க வேண்டியிருந்தது. பி.முட்லூர் தாண்டும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு வலித்தது.

வகுப்பில் அன்புமணி சார் புதிதாக ஒன்று செய்தார். ஜப்பானில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர் அவர். யாரும் தன் குடும்பத்தைப் பற்றித் தானே பேசக் கூடாது, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, ஒருத்தர் குடும்பத்தை மற்றவர் எழுந்து வகுப்புக்குச் சொல்ல வேண்டும் என்றார். பெஞ்ச் வரிசைப்படி சத்யாவுக்கு ஸ்ரீமதிதான்.

“கஸோகு வா நன்னின் தெஸ் கா?” உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஸ்ரீமதி கேட்டாள். விளையாட்டு இல்லை. நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“சன்னின்” என்றாள் சத்யா.

“மூணா?” தமிழில், மெதுவாக.

“மூணுதான்.”

ஸ்ரீமதி அதற்கு மேல் எதுவும் கேட்காமல் நோட்டில் குறித்துக்கொண்டாள். அவர்கள் முறை வருவதற்குள் சத்யாவின் பிடியில் போட்டோவின் ஓரம் வளைந்துவிட்டது. இப்போது இவள் ‘நாலு’ என்றால் என்ன செய்வது? சிரித்து மழுப்புவதா, சண்டை போடுவதா? பதினேழு பேர் முன்னால் இல்லை என்று சொல்ல நேருமா? எனக்குக் குழந்தை இல்லை என்று, தெளிவாக, வாய் திறந்து?

ஸ்ரீமதி போட்டோவை வாங்கி உயர்த்திப் பிடித்தாள். இது சத்யா அக்காவின் அம்மா, இது தம்பி. நிறுத்தினாள். “கஸோகு வா சன்னின் தெஸ்.”

காட்டிக்கொடுக்கவில்லை. சத்யா மூச்சு விட்டாள். ஆனால் ஸ்ரீமதி போட்டோவைத் திருப்பித் தரும்போது அவள் முகம் செத்துப்போயிருந்தது. இத்தனை நாள் வாயாடியவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். தன் வாயால் சொன்னபோது தெரியாதது, இன்னொருத்தி வாயிலிருந்து வந்தபோது சத்யாவுக்குச் சுளீரென்றது. வேறொரு பெண்ணின் நாக்கால் தன் குழந்தையை அழிக்க வைத்துவிட்டாள்.

சார் அடுத்த பெஞ்சைப் பார்க்கத் திரும்பினார். சத்யா எழுந்தாள்.

“சார், தப்பு. அவ தப்பா சொல்லல, நான்தான் தப்பா சொல்லிட்டேன்.” பிறகு, “யொனின் தெஸ்” என்றாள். நாலு பேர். “முஸுமே. யொன்சாய்.” மகள். நாலு வயது.

சார் போட்டோவைப் பார்த்தார். “இதுல மூணு பேருதானம்மா இருக்காங்க?”

“அவளும் இருக்கா சார்.” விரித்துப் போட்ட துப்பட்டாவின் மேல் விரலை வைத்தாள். “இங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பின்பெஞ்சில் யாரோ “அய்யோ” என்றார்கள்.

வகுப்பு முடிந்ததும் சார் அவளை இருக்கச் சொன்னார். மேஜைமேல் நேர்காணல் பட்டியல் கிடந்தது. அவள் பெயர் நாலாவது.

“ஃபார்ம்ல கல்யாணம் ஆகலன்னு இருக்கு. ஏம்மா மறைச்ச?”

“கொழந்த இருக்குன்னா எடுக்க மாட்டாங்க சார்.”

“யாரு சொன்னா?”

சத்யா யோசித்தாள். தம்பி சொன்னான். தம்பிக்கு யார் சொன்னார்கள்? “யாரும் சொல்லல சார்.”

“எனக்கும் தெரியாது. ஆனா இந்தப் பொய்யோட ஒன்ன நான் அனுப்ப முடியாது.” அவர் செல்போனை எடுத்தார். “கேட்டுடுவோம். இரு.”

ஜன்னலோரம் நின்று பேசினார். எதிர்முனையில் ஒரு பெண் குரல். ஜப்பானியம் மடமடவென்று ஓடியது. தன் தலையெழுத்தை யாரோ பேசிக்கொண்டிருக்கும் மொழியில் சத்யாவுக்குத் தெரிந்தது நூறு சொல்தான். ‘முஸுமே’ காதில் விழுந்தது. ‘யொன்சாய்’ விழுந்தது. பிறகு எதுவும் பிடிபடவில்லை. சார் “ஹாய், ஹாய்” என்று ஆமாம் போட்டபடி போனுக்கே குனிந்தார். அது நல்ல குனிவா, மன்னிப்புக் கேட்கும் குனிவா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போனை வைத்தார்.

“எடுக்க மாட்டோம்னு சொல்லல. எடுக்கறோம்னும் சொல்லல. ஃபார்ம மாத்திக் குடுக்கணும். வெள்ளிக்கிழம ஒன்ன ஒரு கேள்வி கேப்பாங்களாம். நீ மூணு வருஷம் அங்க இருந்தா கொழந்தய யாரு பாத்துப்பாங்க, அவ இல்லாம நீ எப்பிடி இருப்பேன்னு. அதுக்கு நீயே பதில் சொல்லணுமாம், அவுங்க பாஷையில.” பேனாவை எடுத்துக்கொண்டார். “ஒண்ணும் பயப்படாத. தமிழ்ல சொல்லு, நான் மாத்தித் தர்றேன். மனப்பாடம் பண்ணிக்கலாம்.”

சத்யா வாயைத் திறந்தாள். அம்மா பார்த்துப்பாங்க என்பது வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, செம்பியன் கேட்கவில்லை. கேட்க விடாமல் அவள்தான் இந்த ஏழு வாரமும் எழுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சார் நோட்டை எடுத்துப் பிரித்தார்.

“கேள்விய மொதல்ல எழுதிக் குடுங்க சார்.”

அவர் ஜப்பானியத்தில் எழுதி நோட்டை அவள் பக்கம் திருப்பினார். அவளுக்கு வேகமாகப் படிக்க வராது. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டு போனாள். கடைசி எழுத்து வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.