இஸ்திரி கசங்கிய நாள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் இஸ்திரி. முழுக்கைச் சட்டையில் விரலை வைத்தால் கிழிக்கும்போல ஒரு மடிப்பு, கழுத்தை இறுக்கும் டை, சட்டைப் பையில் ஒரே ஒரு வெள்ளிப் பேனா. காலையில் எல்லோருக்கும் முன்பே வந்து வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். யார் செருப்போடு வருகிறார்கள், யார் சட்டையை வெளியே விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து ஒரு கனைப்பு. அந்தக் கனைப்புக்கே பாதிப் பேர் கழிவறைக்கு ஓடிச் சட்டையைச் சொருகிக்கொண்டு வருவார்கள்.

எனக்கு வாத்து என்று பெயர். வைத்தது அவர்தான்.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற அலுவலகம் எங்களுடையது. பல வருஷத்துக்கு முன்னால், என் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி நடையில் கால் மாற்றி மாற்றி நின்றேன். உட்கார ஓர் இடம் கிடையாது. விடிகிற நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது. அவளைத் தாங்கிப் பிடித்ததில் என் உடையெல்லாம் பாழ். அன்று காலைதான் நான் மாதக்கணக்கில் வரைந்த வேறொரு ஆஸ்பத்திரியின் வரைபடத்தை, அதைக் கட்டப்போகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை. தங்கை வீட்டுக்காரரின் டி-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். நெஞ்சில் பெரிய மஞ்சள் வாத்து. வந்ததும் முதல் வேலையாகப் பிரசவ வார்டு நடையின் ஜன்னல்களை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் உட்காரும்படி அகலமாக ஒரு திண்டு வரைந்தேன். நின்று நின்று என் கால் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

இஸ்திரி வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார்.

"இந்தக் கோலத்துலயா அவங்க முன்னாடி வந்து நிக்கப் போற? அவங்க போற வரைக்கும் பிளாட்டர் ரூம்ல இரும்மா. நான் பாத்துக்கறேன்."

பிளாட்டர் அறை என்பது பெரிய தாள்களை அச்சடிக்கிற இயந்திரம் இருக்கும் அறை. அதற்குக் கண்ணாடிக் கதவு. என் வரைபடத்தை அவர் வெள்ளிப் பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டியதையும், எல்லோரும் தலையாட்டியதையும், கடைசியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதையும் உள்ளே நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி அவர் பேரில் போயிற்று. தலைமைப் பதவியும் அவருக்கே போயிற்று. சாயங்காலம் டீ குடிக்கிற இடத்தில் "நம்ம வாத்து எங்கே?" என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் வாத்து.

விட்டுத்தள்ளு என்று தங்கை சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். விட்டுத்தள்ளுகிற ஆள் நான் இல்லை. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே அவருக்குத் தினமும் குட்மார்னிங் சொன்னேன்.

போன வருஷம் பழைய முதலாளி ஓய்வெடுக்கப் போய், அவர் மகள் பொறுப்புக்கு வந்தாள். எங்களுக்கு அவள் சின்ன மேடம். வந்தவுடனே இளசுகள் பிடித்துக்கொண்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு எதற்கு டை, ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று. அதைத் தீர்மானிக்கச் சொல்லி, மூத்தவர்கள் என்று இஸ்திரியையும் என்னையும் உட்காரவைத்தாள் சின்ன மேடம். அந்த ஆஸ்பத்திரிக்கே இப்போது பக்கத்தில் ஒரு புதுக் கட்டடம் வரப்போகிறது. அதற்கு யார் தலைமை என்பதை அவள் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. அவருக்கும் அது வேண்டும், எனக்கும் வேண்டும்.

"ஆபீஸ்னா ஆபீஸ் மாதிரி இருக்கணும் மேடம்" என்றார் இஸ்திரி. "டி-ஷர்ட் போட்டவன் பேச்சை எவன் கேப்பான்?"

"சார் சொல்றதும் நியாயந்தான்" என்றேன், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி. "ஆனா நம்ம வழக்கப்படி ஒரு தடவை நடந்து பாத்துடலாமே."

எங்கள் அலுவலகத்தில் எதையும் தாளில் மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. ஓர் அறை போதுமா போதாதா என்று சந்தேகம் வந்தால் தரையில் டேப் ஒட்டி, அதுதான் சுவர் என்று வைத்துக்கொண்டு, உள்ளே நடந்து பார்ப்போம். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே இஸ்திரிதான். மறுத்துப் பேச அவருக்கு வாயில்லை.

"நல்ல யோசனை" என்றாள் சின்ன மேடம். "புதன்கிழமை எல்லாரும் வீட்டுல இருக்கற மாதிரி டிரெஸ்ல வாங்க. சார், நீங்களுந்தான். உங்களுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது."

நான் என் இடத்துக்குப் போய் முதல் காரியமாக ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். புதுக் கட்டடத்தைப் பற்றிப் பேச வியாழக்கிழமை வரவிருந்தவர்களைப் புதன்கிழமையே வரச்சொன்னேன். அவர்களுக்கும் அதுவே வசதி. சின்ன மேடத்திடம் சொன்னேன். சாருக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை.

புதன்கிழமை இஸ்திரி வந்த கோலத்தை என்னவென்று சொல்வது! வெளிர் நீலத்தில் புத்தம்புது டி-ஷர்ட், வயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டு. அதைப் பேன்ட்டுக்குள் சொருகி பெல்ட் வேறு. அந்த அரைக் கைக்கும் இஸ்திரி போட்டு மடிப்பு வைத்திருந்தார். யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ஆனால் கனைப்பும் வரவில்லை. வரவேற்பு மேசைப் பக்கம் போகாமல் நேரே தன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரம்மாவும் அவர்களுடைய இன்ஜினியரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல நானே போனேன். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னிக்கா? நாளைக்குத்தானே?"

"இன்னிக்குத்தான் சார்."

குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். "நீயே போய்ப் பேசேன்மா. நான் இங்கயே இருந்துக்கறேன்."

ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. என்னை ஒளித்துவைத்த மாதிரி அவரையும் ஒளித்துவைத்தால் அது அவருக்குச் செய்கிற உபகாரம்.

"அதெப்படி சார்? நீங்கதானே தலைமை. நீங்க முன்னாடி நின்னாத்தான் மரியாதை" என்று கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். டாக்டரம்மா அவருடைய சட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தம்மாவின் கவலை வேறு.

"அந்தப் பிரசவ வார்டு ஜன்னல் இருக்கே, புதுக் கட்டடத்துலயும் அதே வேணும். எங்க இன்ஜினியர் உயரத்தை ஏத்தணும்கறார். ஏன் அவ்வளவு கீழ வச்சீங்கன்னு நீங்களே இவருக்குச் சொல்லுங்க."

இஸ்திரியின் கை பேனாவைத் தேடி நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே பை இல்லை. தடவிப் பார்த்துவிட்டு இறங்கிற்று.

"அது... காத்தோட்டத்துக்கு."

"காத்தோட்டத்துக்கு ஜன்னல் எதுக்கு முழங்கால் உயரத்துல இருக்கணும்?" என்றார் இன்ஜினியர்.

அதே பதிலை டை கட்டிக்கொண்டு சொல்லியிருந்தால், மேலே நாலு இங்கிலீஷ் வார்த்தை போட்டு ஒப்பேற்றியிருப்பார். இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் அவசரப்படவில்லை. நன்றாக நிற்கட்டும் என்று விட்டேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காது மடல் சிவந்து வியர்வை கழுத்தில் இறங்குகிற வரைக்கும் பார்த்தேன். எனக்கு இனித்தது.

பிறகு சொன்னேன். "அது காத்துக்கு இல்ல டாக்டர். உக்கார்றதுக்கு. உள்ள பொண்ணு கத்திக்கிட்டு இருக்கும்போது வெளிய நிக்கறவங்களுக்குக் கால் தாங்காது. வரைபடம் காட்டின அன்னிக்குக் காலையிலதான் நான் அதை வரைஞ்சேன். என் தங்கச்சிக்குப் பிரசவமாகி நேரா வந்து."

"நீங்களா வரைஞ்சீங்க?" டாக்டரம்மா இஸ்திரி பக்கம் திரும்பினார். "அப்ப இவர்னு சொன்னாங்களே?"

"சாரையே கேளுங்க."

சின்ன மேடம் நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்தாள். "சார்?"

இல்லை என்று சொல்லுவார், கிழித்துத் தொங்கவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அவங்க வரைஞ்சதுதான்" என்றார். "மொத்தமும்."

அன்று மத்தியானமே புதுக் கட்டடத்தை என்னிடம் ஒப்படைத்தாள் சின்ன மேடம். உடை விஷயம் என்ன முடிவு என்று கேட்டாள். அவரவர் இஷ்டம் என்றேன் நான். ஆட்சேபணை இல்லை என்றார் அவர், தரையைப் பார்த்து. வெளியே இளசுகள் கைதட்டினார்கள்.

சாயங்காலம் லிஃப்டுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். டி-ஷர்ட் கசங்கி, பெல்ட்டுக்கு மேலே பாதி வெளியே வந்திருந்தது. சொருகிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நான் செஞ்சது பெரிய தப்பும்மா" என்றார். குரல் உடைந்திருந்தது, நடிப்பில்லை. "என்னை மன்னிச்சிரு."

"மாட்டேன் சார்" என்றேன்.

லிஃப்ட் வந்தது. வேறு யாரும் இல்லை. இருவரும் ஏறி, கதவைப் பார்த்தபடி நின்று, கீழே இறங்கினோம்.