பின் இருக்கையில் தெரிந்தது

இருவர் மிதிக்கும் எங்கள் டாண்டம் சைக்கிளில் என் கணவர் நெவில் முன்னால் உட்காருவார், நான் பின்னால். ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் அவர் கையில். எனக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும். ஆனால் இரண்டு ஜோடி பெடல்களும் சங்கிலியால் இணைந்தவை. அவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பது என் பாதத்துக்குத் தெரிந்துவிடும். முப்பத்தொரு வருடம் அப்படி ஓட்டினோம்.

கடைசிப் பயணம் அவர் ஓய்வுபெற்ற ஜூலையில். மேற்கே வைட்ஹேவனிலிருந்து கிழக்கே டைன்மவுத் வரை, ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு. அந்தப் பாதையில் போகும் எல்லோரையும் போல நாங்களும் பின்சக்கரத்தை வைட்ஹேவன் கடலில் நனைத்துவிட்டுக் கிளம்பினோம்.

முதல் நாள், விண்லேட்டர் ஏற்றத்திலேயே பெடல் கனத்தது. பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்த்தேன். உரசவில்லை. இரண்டாம் நாள் சந்தேகம் தீர்ந்தது. அவர் கால்கள் சுற்றின, ஆனால் அழுத்தம் இல்லை. அவற்றையும் நான்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"முட்டி ஏதும் வலிக்குதா, நெவ்?"

"என் முட்டிக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு. உனக்குத்தான் வயசாகுது."

அதற்கு மேல் கேட்கவில்லை. அவருடைய அப்பா அறுபது வயதில் நெஞ்சுவலியில் போனவர். நெவிலுக்கு அப்போது அறுபத்தொன்று. வற்புறுத்திக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அதை விட்டு இறங்கமாட்டார், டாக்டரிடமும் போகமாட்டார். அவர் வாயிலிருந்தே வரவேண்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை மெல்மர்பி டீக்கடையில் பீன்ஸ் டோஸ்ட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு. மலை ஏறணும்ல."

"நீயும்தானே ஏறப்போற?"

எழுந்து பில் கட்டப் போனார்.

அடுத்தது ஹார்ட்சைட் ஏற்றம். எங்கள் சைக்கிள் கிளப்பில் எந்த ஏற்றத்திலும் இறங்கித் தள்ளுவது மானக்கேடு. இரண்டாவது மைலில் என் தொடைகள் நடுங்கத் தொடங்கின. ஓரமாகக் கல்மதில் அடுக்கிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து கத்தினான்.

"அண்ணே! பின்னாடி இருக்கிறவங்க மிதிக்கவே இல்ல பாருங்க!"

டாண்டத்தைப் பார்த்தால் இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் நகைச்சுவை அது. "பேச்சுத்துணைக்குத்தான் கூட்டிட்டு வரேன்ப்பா" என்பது நெவில் எப்போதும் சொல்லும் பதில். அன்று அது வரவில்லை. பிரேக் பிடித்தார். காலை ஊன்றினார்.

"இல்ல தம்பி. முன்னாடி இருக்கிறவன்தான் மிதிக்கல. மூணு நாளா."

அந்த ஆள் சிரித்தான். பிறகு நெவிலின் முகத்தைப் பார்த்து, கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். "உக்காருங்கண்ணே" என்று பிளாஸ்க்கைத் திறந்தான்.

நெவில் புல்லில் உட்கார்ந்தார். "நெஞ்சைப் பிடிக்குது, ஏவ்ரில். ஈஸ்டர்லேருந்தே."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன் காலையும் சேர்த்து நான்தானே சுத்திட்டு வரேன்?"

"கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

மதில்காரன் எங்களைப் பார்க்காமல் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீ குடித்து முடித்ததும் சைக்கிளைத் தன் பிக்கப் வண்டியில் படுக்கவைத்து, லாங்வாத்பி ஸ்டேஷனில் எங்களை இறக்கிவிட்டான். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில், ஆப்பிள்பி ஸ்டேஷன் வரும்வரை எனக்குக் கோபம் தணியவில்லை. அதன் பிறகு அவர் பேசினார். புல்வெட்டும்போது வலி வந்தது, ஷெட்டில் தனியாக உட்கார்ந்து அது அடங்கக் காத்திருந்தது, எல்லாவற்றையும் ஸ்கிப்டன் வரை சொல்லிக்கொண்டே வந்தார். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்த்தோம். பரிசோதனைகள் முடிந்து, ஆபரேஷன் தாங்கும் இதயம் இல்லை என்றார்கள்.

மார்ச் வரை இருந்தார். அந்த எட்டு மாதத்தில் அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. வலித்தால் வலிக்கிறது என்பார், பயமாக இருந்தால் அதையும் சொல்வார். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் மாடி ஏறும்போது ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு மேல முடியல, கண்ணு. டீயை இங்கேயே கொண்டா."

இரண்டு கோப்பைகளோடு போனேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். படி குறுகல்தான், இருந்தாலும் இருவரும் உட்கார முடிந்தது.